மூன்று மணி நேரத்துக்கு ரூம் போடும்போது

விடியற்காலை 4:45-க்கு எழும்பூரில் இறங்குகிறீர்கள். பத்து மணிக்கு ஒரு இன்டர்வியூ, அல்லது கல்யாணம், அல்லது ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட். சொந்தக்காரர் வீடு தாம்பரம் தாண்டி இருக்கிறது. அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட மனசு வராது. வேண்டியதெல்லாம் ஒரு பாத்ரூம், ஒரு வாளி வெந்நீர், துணி மாற்ற ஒரு மறைவு, ஒரு மணி நேரம் காலை நீட்ட ஒரு கட்டில். இதற்காக முழு நாள் வாடகை கட்டத் தேவையில்லை. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு அறை கிடைக்கும், கேட்கத் தெரிந்தால்.

இந்த வகை அறையில் வரும் தகராறுகள் பெரும்பாலும் கடிகாரத்தை வைத்துத்தான் வரும். நேரம் எந்த நிமிடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, எப்போது முடிகிறது, தாண்டினால் அடுத்த மணிக்கு எவ்வளவு. இந்த மூன்றையும் பணம் கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கீழே சொல்லியிருப்பதில் நிறைய விஷயம் சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் செக்அவுட் கணக்கு. நம்ம ஊர் லாட்ஜ்களில் இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று 24 மணி நேர செக்அவுட்: காலை 5 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை 5 மணி வரை அறை உங்களுடையது. இன்னொன்று பகல் 12 மணி செக்அவுட்: நீங்கள் எப்போது உள்ளே போனாலும் பகல் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். இந்த இரண்டாவது வகையில் காலை 5 மணிக்குப் போனால் ஏழு மணி நேரத்துக்கு முழு வாடகை, அதற்குமேல் இருந்தால் இன்னொரு நாள் வாடகை. மணிக்கணக்கில் கேட்டே ஆக வேண்டிய இடம் இதுதான். 24 மணி நேர லாட்ஜாக இருந்து, அன்று இரவே உங்களுக்குத் திரும்பும் வண்டியும் இருந்தால், முழு நாளாகவே எடுத்துவிடுவது நல்லது. மூன்று மணி நேரத்துக்கு 600 ரூபாய், முழு நாளுக்கு 900 ரூபாய் என்றால் அந்த 300 ரூபாய்க்குப் பெட்டி பத்திரமாக இருக்கும், மத்தியானம் வந்து சற்றுப் படுக்கலாம், சாயங்காலம் மறுபடி குளித்துவிட்டு வண்டி ஏறலாம்.

மூன்று மணி நேரத்துக்கு எட்டில் ஒரு பங்கு வாடகைதானே வர வேண்டும் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். லாட்ஜ்காரருக்கு நீங்கள் மூன்று மணி நேரம் இருந்தாலும் முப்பது மணி நேரம் இருந்தாலும் பெட்ஷீட் ஒரு தடவை மாற்ற வேண்டும், பாத்ரூம் ஒரு தடவை கழுவ வேண்டும், சோப்பு, டவல், வண்ணான் கூலி எல்லாம் அதேதான். அறையைச் சுத்தம் செய்ய அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும்; அந்த நேரத்தில் அறையை யாருக்கும் கொடுக்க முடியாது. ஆகவே நாள் வாடகையில் பாதி, சில இடங்களில் அறுபது சதவீதம் கேட்டால் அது அநியாயம் இல்லை. எண்பது சதவீதம் கேட்டால் முழு நாளாகவே கொடுங்கள் என்று சொல்லிவிடலாம்.

எந்த நேரத்துக்குக் கேட்கிறீர்கள் என்பதும் விலையை மாற்றும். பகல் 11 மணி முதல் சாயங்காலம் 6 மணி வரை அறைகள் காலியாகக் கிடக்கும் நேரம். பழைய ஆள் போயிருப்பார், புது ஆள் ராத்திரிதான் வருவார். அந்த இடைவெளியில் கொடுத்தால் லாட்ஜுக்கு லாபம், அதனால் பேரம் படியும். இரவு 8 மணிக்குப் போய் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் கேட்டால் கிடைக்காது. நடு இரவில் நீங்கள் காலி செய்த அறையை வேறு யாருக்கும் விற்க முடியாது. விடியற்காலை நேரம் இந்த இரு நிலைக்கும் நடுவில். முந்தைய இரவு அறை காலியாக இருந்திருந்தால் உடனே கொடுப்பார்கள். நிரம்பியிருந்தால் 8 மணிக்குமேல் வரச் சொல்வார்கள்.

முகூர்த்த நாள், திருவண்ணாமலையில் பௌர்ணமி, டிஎன்பிஎஸ்சி மாதிரிப் பெரிய தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாள். இந்த நாட்களில் மணிக்கணக்கில் யாரும் தர மாட்டார்கள். போனில் கேட்டு நேரத்தை வீணாக்காமல் முழு நாள் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

சரி, எங்கே தேடுவது? ரயிலில் வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டேஷனிலேயே இருக்கும் ரிடையரிங் ரூம், அதாவது பயணிகளுக்கான ரயில்வேயின் தங்கும் அறை. ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். பிஎன்ஆர் எண் கட்டாயம்; டிக்கெட் கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி ஆக இருக்க வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டுக்கு அறை கிடையாது. பயணம் தொடங்கும் ஸ்டேஷனிலோ முடியும் ஸ்டேஷனிலோதான் எடுக்க முடியும். மதுரையிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து வேறு வண்டியில் விஜயவாடா போகிறவருக்குச் சென்னை முதல் டிக்கெட்டின் முடிவு, இரண்டாவது டிக்கெட்டின் தொடக்கம். எந்த பிஎன்ஆரை வேண்டுமானாலும் போடலாம். ஆனால் எழும்பூரும் சென்ட்ரலும் வேறு வேறு ஸ்டேஷன் என்பதை மறந்துவிடக் கூடாது. டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் இருக்கிறதோ அங்கேதான் அறை.

பெரும்பாலான ஸ்டேஷன்களில் ரிடையரிங் ரூம் 12 மணி நேரக் கட்டாக இருக்கும். சில ஸ்டேஷன்களில் மட்டும் மணிக்கணக்கில் தருகிறார்கள். பதிவு செய்யும்போதே அந்த வசதி இருக்கிறதா என்று திரையில் தெரிந்துவிடும். 12 மணி நேரம் எடுத்தாலும் வெளி லாட்ஜின் மூன்று மணி நேர விலையைவிடக் குறைவாக வரும் இடங்கள் உண்டு. தனியாக வருகிறவர் டார்மிட்டரியில் ஒரு கட்டில் எடுத்தால் இன்னும் குறையும். இன்னொரு சின்ன லாபம்: 2024 ஜூலை முதல் ரயில்வேயின் ரிடையரிங் ரூம், வெயிட்டிங் ரூம், கிளோக் ரூம் சேவைகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

சிக்கல் என்னவென்றால், வண்டி லேட்டானால் உங்கள் ஸ்லாட் கூடவே நகராது. காலை 5 மணிக்கு வர வேண்டிய வண்டி 7:30-க்கு வந்தால், 5 முதல் 8 வரை எடுத்தவருக்குக் கையில் மிஞ்சுவது அரை மணி. வண்டி வரும் நேரத்தையே ஸ்லாட்டின் தொடக்கமாகப் போடுவது எல்லோரும் செய்யும் தவறு. ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டால் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகலாம். தொலைதூர வடநாட்டு வண்டியில் வருகிறவர்கள் முன்பதிவே வேண்டாம்; வண்டி ஆந்திராவின் கூடூர் தாண்டிய பிறகு வெளி லாட்ஜுக்குப் போன் செய்து கேட்டால் போதும்.

பெட்டியை மட்டும் வைக்க இடம் வேண்டும், குளிப்பது முக்கியமில்லை என்றால் கிளோக் ரூமே போதும். பெட்டி பூட்டியிருக்க வேண்டும், டிக்கெட் காட்ட வேண்டும். ஜிப்புக்குப் பூட்டு இல்லாத பையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாசலில் சின்னப் பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஒரு பூட்டு எப்போதும் பையில் கிடக்கட்டும்.

படுத்தால் மட்டும் போதும் என்பவர்களுக்கு பாட் வகை அறைகளும் வந்திருக்கின்றன. ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் அளவுள்ள கூண்டு, உள்ளே விளக்கு, சார்ஜர், ஏசி; பாத்ரூம் பொது. இந்திய ரயில்வேயில் முதலில் வந்தது மும்பை சென்ட்ரலில், 2021 நவம்பரில். தனி ஆளுக்கு நல்ல ஏற்பாடு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு, மேல் அடுக்கில் ஏற முடியாதவர்களுக்கு வேண்டாம்.

வெளியே என்றால், எழும்பூரில் ஸ்டேஷனுக்கு எதிரே கென்னட் லேன் முழுக்க லாட்ஜ்தான். சென்ட்ரலுக்குப் பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு. மதுரையில் டவுன்ஹால் ரோடும் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியும். திருச்சியில் ஜங்ஷனுக்கும் மத்திய பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில். இந்தப் பகுதி லாட்ஜ்களுக்கு ரயில் பயணிகள் ஃப்ரெஷ் ஆக வருவது பழகிய விஷயம், முகம் சுளிக்க மாட்டார்கள். பஸ்ஸில் சென்னை வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பிறகு தென்மாவட்டத்து பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. கோயம்பேட்டில் அறையைப் பதிவு செய்துவிட்டுக் கிளாம்பாக்கத்தில் இறங்கினால், போய்ச் சேர்வதற்குள் உங்கள் நேரத்தில் ஒரு மணிக்குமேல் ரோட்டிலேயே போய்விடும்.

மணிக்கணக்கில் அறை தேடுவதற்கென்றே பிரெவிஸ்டே, மைஸ்டே, பேக்2பேக் போன்ற ஆப்கள் இருக்கின்றன. மூன்று, ஆறு, பன்னிரண்டு மணி என்று கட்டுகளாகக் காட்டும். தேடும்போது நீங்கள் போட வேண்டியது செக்இன் மணி. அந்த மணியில் நேரம் ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் லேட்டாகப் போனாலும் முடியும் மணி மாறாது. ஆப்பில் உறுதியான அறையைக் கவுன்டரில் இல்லை என்று சொல்வதும் நடக்கும், குறிப்பாகப் பணம் கட்டாமல், ஹோட்டலில் கொடுக்கிறேன் என்று போட்ட பதிவுகளில். ஆகவே எந்த ஆப்பில் போட்டாலும் கிளம்பும் முன் நேரடியாக லாட்ஜுக்கு ஒரு போன்.

அந்தப் போன் எண்ணை எடுப்பதிலும் கவனம் தேவை. பிரபலமான விடுதிகளின் பெயரில் போலி எண்ணை இணையத்தில் ஏற்றி வைத்து, யுபிஐயில் அட்வான்ஸ் போடச் சொல்லி ஏமாற்றுகிறார்கள். கோயில் ஊர்களில் இது அதிகம். இரண்டு இடத்தில் ஒரே எண் இருக்கிறதா பாருங்கள். பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் லாட்ஜ் பெயரா, தனி ஆள் பெயரா என்று பாருங்கள். மூன்று மணி நேர அறைக்கு முழுப் பணத்தையும் முன்பே அனுப்பச் சொன்னால் அங்கே வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். பணம் கைமாறி அதிக நேரம் ஆகாதிருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

போனில் பேசுவது இப்படி இருந்தால் போதும்.

“வணக்கம் சார், நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரூம் வேணும். ட்ரெயின்ல வர்றோம், நானும் அம்மாவும். குளிச்சிட்டு பத்து மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்.”

“நாலு மணி நேரமா? டபுள் நான் ஏசி எழுநூறு ஆகும்.”

“டாக்ஸோட சேர்த்தா சார்?”

“டாக்ஸ் தனி.”

“டைம் நாங்க வந்து என்ட்ரி போட்டதுல இருந்து கணக்கா, இல்ல ஆறு மணில இருந்தா? வண்டி லேட்டாச்சுன்னா?”

“என்ட்ரில இருந்துதாங்க. ஆனா எட்டுக்கு மேல வந்தா ரூம் நிக்காது.”

“பத்தைத் தாண்டிட்டா?”

“மணிக்கு நூத்தம்பது. பன்னெண்டு தாண்டினா ஃபுல் டே.”

“அம்மாவுக்கு முட்டி வலி சார், கீழ் ஃப்ளோர்ல வெஸ்டர்ன் டாய்லெட்டோட கிடைக்குமா? வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும்?”

ஒன்றரை நிமிடப் பேச்சு. நேரம் எப்போது தொடங்கும், எப்போது முடியும், தாண்டினால் எவ்வளவு, வெந்நீர், மாடி எல்லாம் வந்துவிட்டது. பேசியவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலையில் ஷிஃப்ட் மாறி வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். “நேத்து சாயங்காலம் இன்னார்கிட்ட பேசினோம்” என்று சொன்னால்தான் அந்த 700 நிற்கும்.

வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல், நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான ஹோட்டல் அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. 700 ரூபாய் அறைக்கு 35 ரூபாய்தான் வர வேண்டும். இன்னும் 12 சதவீதம் போடுகிறார்கள் என்றால் பழைய கணக்கு. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று கேளுங்கள். எண் இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக எதையும் வாங்கக் கூடாது.

அடையாள அட்டையில்தான் நிறையப் பேர் கவுன்டரிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். வருகிற ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு அட்டை வேண்டும்; குடும்பத்தில் ஒருவர் அட்டை போதும் என்று நினைத்து வந்துவிடக் கூடாது. ஆதார், டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று. பான் கார்டு செல்லாது, அதில் முகவரி இல்லை. ஆதார் நகல் கொடுப்பதில் தயக்கம் இருந்தால், ஆதார் தளத்திலிருந்து கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இறக்கி இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாம். நகலில் குறுக்கே “தங்குவதற்கு மட்டும்” என்று எழுதித் தேதி போட்டுக் கொடுப்பது நல்ல பழக்கம். அட்டையின் அசலை வாங்கி டிராயரில் வைத்துக்கொள்வோம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அவசரத்தில் கிளம்பும்போது அங்கேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

ரிஜிஸ்டரில் பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வந்த காரணம், போன் எண், வந்த மணி என்று கட்டங்கள் இருக்கும். வந்த மணியை நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள். கவுன்டர் ஆள் பிறகு எழுதிக்கொள்கிறேன் என்று விட்டுவைத்த கட்டத்தில்தான் 6:20 என்பது 6 மணியாகவோ 5:45 ஆகவோ மாறும். எழுதிய பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அடுத்தவர் விவரம் படாமல் உங்கள் வரியை மட்டும் எடுங்கள்.

உள்ளூர் முகவரி அட்டைக்கு அறை இல்லை என்று சொல்லும் இடங்கள் உண்டு. சென்னை முகவரி வைத்திருப்பவர் சென்னையிலேயே நான்கு மணி நேரத்துக்கு அறை கேட்டால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வீட்டில் தண்ணீர் வராமல் போனதாலோ, பக்கத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துக்கொள்வதாலோ ஒருவருக்கு அறை தேவைப்படலாம் என்று அவர்கள் யோசிப்பதில்லை. உள்ளூர்க்காரருக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அது லாட்ஜ் போட்டுக்கொண்ட விதி. ஆனால் விடியற்காலையில் கவுன்டரில் நின்று சட்டம் பேசி அறை வாங்க முடியாது. போனிலேயே “லோக்கல் ஐடி வாங்குவீங்களா” என்று கேட்டுவிடுங்கள். ஆப்களிலும் இதற்குத் தனி ஃபில்டர் இருக்கும்.

கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து அறை எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மணிக்கணக்கு அறை என்றாலே ஒரு பார்வை இருக்கிறது. 2019 ஜூனில் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை அதிகாரிகள் சீல் வைத்தார்கள்; கல்யாணம் ஆகாத ஒரு ஜோடி தங்கியிருந்ததும், ஒரு அறையில் மது பாட்டில் இருந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் தெளிவாகச் சொன்னது: திருமணமாகாத இருவர் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை, அது குற்றம் ஆகாது. நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் கொடுத்த தீர்ப்பு. பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், இருவரிடமும் அடையாள அட்டை இருக்க வேண்டும். விடுதி தன் விருப்பத்தில் மறுத்தால் வேறு விடுதிதான் பார்க்க வேண்டும். அறை கொடுத்த பிறகு மிரட்டிப் பணம் கேட்டால் அது வேறு விஷயம், 112-க்கு அழைக்கலாம். பயந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் வருகிறவர்களுக்கு ஒரு விதி கூடுதல். இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அவர் விவரத்தை, சி ஃபார்ம் என்று பழக்கத்தில் சொல்லும் படிவத்தில், இணையத்தில் பதிய வேண்டும். மூன்று மணி நேரம் தங்கினாலும் பதிய வேண்டும். அந்தப் பதிவு வசதி இல்லாத சின்ன லாட்ஜ்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கையை விரித்துவிடும். தமிழில் பேசி, தமிழில் போன் செய்து பதிவு செய்துவிட்டு வருபவரை அவர்கள் உள்ளூர்க்காரர் என்றே நினைத்திருப்பார்கள். “ஃபாரின் பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா” என்று முதல் வரியிலேயே கேளுங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் விசா பக்கமும் நகல் எடுத்துக் கையில் வைத்திருந்தால் கவுன்டரில் இருபது நிமிடம் மிச்சம்.

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்கிறவர்கள் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். பெயரில் ஏர்போர்ட் என்று இருக்கும் ஹோட்டல் கிண்டியிலும் இருக்கலாம். திரிசூலம், மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கம் என்றால்தான் அருகில். இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை மெட்ரோ கிடையாது, ஆகவே டாக்ஸி செலவையும் அறை வாடகையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இந்திய விசா இல்லாமல், சென்னையில் விமானம் மட்டும் மாறுகிறவர் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வர முடியாது. அவர் வெளியே அறைக்குப் பணம் கட்டினால் அது போனதுதான்.

அறைக்குள் போன பிறகு முதல் ஐந்து நிமிடத்தில் பையைத் திறக்காதீர்கள். நாள் முழுக்கத் தங்குகிறவர் சாவகாசமாக அறை மாற்றிக்கொள்ளலாம். மூன்று மணி நேரக்காரருக்கு அந்த நேரம் கிடையாது. கீசர் சுவிட்சைப் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பாத்ரூம் தரை ஈரமாக இருந்து, பெட்ஷீட் மடிப்புக் கோடு இல்லாமல் கசங்கியிருந்தால், போன ஆள் படுத்த விரிப்பை நீவிவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு நாளில் மூன்று பேருக்குப் போகும் அறையில் இது நடக்கும். தலையணை உறையை எடுத்து மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ரூம் பாயைக் கூப்பிட்டு, கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். சங்கடப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் பணம் கொடுப்பதே இதற்குத்தான். பிறகு கதவின் உள் தாழ்ப்பாள், ஃபிளஷ், பாத்ரூம் ஜன்னல். கட்டிலைப் பார்த்தபடி இருக்கும் புகை கண்டறியும் கருவி, தேவையில்லாத இடத்தில் இருக்கும் பிளக், கடிகாரம் இவற்றை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சால் ஒருமுறை பார்த்துவிடலாம். ஒளித்து வைத்த கேமராவின் லென்ஸ் இருந்தால் மினுக்கும்.

இனி வெந்நீர்க் கணக்கு. நான்கு பேர் கொண்ட குடும்பம் மூன்று மணி நேரத்தில் அல்லாடுவது இங்கேதான். லாட்ஜ் பாத்ரூமில் சாதாரணமாக இருக்கும் கீசர் 15 லிட்டர், 2,000 வாட். 28 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 17 நிமிடம் எடுக்கும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு வாளி வரும், அதாவது ஒருவர் தாராளமாக அல்லது இருவர் சிக்கனமாகக் குளிக்கலாம். ஆளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் நால்வருக்கு எண்பது நிமிடம்; டாய்லெட்டும் அதே பாத்ரூமுக்குள் என்பதால் இரண்டு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் என்ட்ரி போடப் பத்து நிமிடம், புடவை கட்ட, குழந்தைக்குத் தலை வார அரை மணி, கிளம்பும்போது கணக்கு முடிக்கப் பத்து நிமிடம். மூன்று மணி நேரம் தீர்ந்துபோச்சு, யாரும் ஒரு நிமிடம்கூடப் படுக்கவில்லை. நான்கு பேருக்கு மூன்று மணி நேரம் எடுக்காதீர்கள். ஐந்து மணி நேரம், அல்லது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்றால் கண்டிப்பாக இரண்டு அறை.

சோலார் வெந்நீர் உள்ள லாட்ஜில் கதையே வேறு. காலை 5 முதல் 8 அல்லது 9 வரைதான் வரும், அதுவும் மேல்மாடித் தொட்டியிலிருந்து. முந்தைய நாள் மழையாக இருந்தால் வெதுவெதுப்புதான். குழாயைத் திறந்ததும் வருவது பைப்பில் தேங்கிய பச்சைத் தண்ணீர். வெந்நீர் வரவில்லை என்று மூடிவிடாமல் ஒரு வாளி பிடித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கலக்க உதவும்.

ராமேஸ்வரத்தில் சில மணி நேர அறை என்பது யாத்திரையின் ஒரு பகுதி மாதிரி. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவுக்குள் வருகிறது, விடியற்காலையில் இறங்குகிறவர்கள் நேரே அறைக்குப் போய்விடலாம். அங்கே வரிசை இப்படி: முதலில் அக்னி தீர்த்தக் கடலில் குளியல், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள், பிறகு ஈரத்துணி மாற்றி சுவாமி தரிசனம். ஈரத்துணியோடு மூலஸ்தானத்துக்குப் போகக் கூடாது. ஸ்படிக லிங்க தரிசனமும் வேண்டுமென்றால் அது விடியற்காலை 5 மணிக்கே, அதற்கு முதலில் உலர்ந்த துணியில் போக வேண்டும். ஆகவே அறை இரண்டு முறை தேவைப்படும்: வந்ததும் ஒருமுறை, தீர்த்தமாடிய பிறகு ஒருமுறை. நடுவில் நீங்கள் வெளியே இருக்கும் மூன்று மணி நேரமும் கணக்கில் ஓடும். அங்கே ஆறு மணி நேரத்துக்குக் குறைந்து எடுப்பது வீண். ரத வீதிகளுக்குப் பக்கத்தில் எடுங்கள், ஈரத்தோடு ஆட்டோ ஏற வேண்டாம். மணலும் உப்புத் தண்ணீரும் பாத்ரூம் வடிகாலை அடைத்துக்கொள்ளும் என்பதால் சில லாட்ஜ்களில் வாசலிலேயே கால் கழுவக் குழாய் வைத்திருப்பார்கள். அங்கேயே அலசிவிட்டு ஏறுங்கள். ஈரத்துணிக்கு நல்ல கனமான பிளாஸ்டிக் பை இரண்டு வீட்டிலிருந்தே கொண்டு போக வேண்டும், காயப்போட நேரமும் இருக்காது, இடமும் இருக்காது.

வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு தேவை. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வரும் வரை, அல்லது காட்பாடியில் ராத்திரி வண்டி வரும் வரை நோயாளி படுக்க ஒரு இடம். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள தெருக்களில் வங்காளிகளும் வடகிழக்குக்காரர்களும் வாரக்கணக்கில் தங்கும் சின்னச் சின்ன லாட்ஜ்கள் நிறைய இருக்கின்றன. பகலுக்கு மட்டும் கேட்டால் தருவார்கள். நோயாளி இருக்கிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, கட்டில் எவ்வளவு உயரம், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று ஒருவர் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தபிறகு நோயாளியை அழைத்துப் போவதுதான் சரி. இங்கே நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ரிசல்ட் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை, முழு நாள் எடுத்துவிடுங்கள்.

கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்னால் அலாரம் வையுங்கள், தூங்கினாலும் தூங்காவிட்டாலும். கூடுதலாக ஒரு மணி வேண்டும் என்றால் முடிகிற நேரத்துக்கு முன்பே கீழே போன் செய்து கேட்க வேண்டும். முடிந்த பிறகு கேட்டால் அடுத்த ஆள் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பார், முழு நாள் கட்டுங்கள் என்பார்கள். மறந்து விட்டுப்போகும் பொருட்களை ஒருமுறை பாருங்கள்: பாத்ரூம் கதவுக்குப் பின்னால் தொங்கும் துண்டு, கட்டில் தலைமாட்டு பிளக்கில் சார்ஜர், சோப்பு வைக்கும் இடத்தில் கழற்றி வைத்த மோதிரம், தலையணைக்கு அடியில் கண்ணாடி. சாவியைக் கொடுக்கும்போது அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்கள், நகலுக்குக் கொடுத்த அசல் அட்டையைக் கேளுங்கள், ரிஜிஸ்டரில் உங்கள் வரிக்கு நேரே வெளியேறிய மணியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஏட்டின்படி அதற்குப் பிறகும் நீங்கள் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள்.